ஆய்வு முடிவுகளைக் கண்ணுக்குக் காட்டுவது எப்படி? கேள்வி பதில்

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் மாநாட்டு உரைகளுக்கும் கிராஃப் வரைந்து கொடுப்பது என் தொழில். கிராஃப், போஸ்டர், ஸ்லைடு பற்றிக் கேளுங்கள். எந்தப் புள்ளியியல் சோதனை சரி என்பதை உங்கள் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுண்ணுயிரியல் ஆய்வு மாணவி: 4 குழுக்கள், குழுவுக்கு 5 எலிகள். சராசரியை பார் கிராஃபாகப் போட்டு, மதிப்பு எவ்வளவு ஏறி இறங்கலாம் என்று காட்டும் எரர் பார் கோடுகளும் வைத்திருக்கிறேன். சப்பென்று இருக்கிறது என்கிறார் கைடு. கலர் மாற்றினால் சரியாகுமா சார்?

ஆகாதும்மா. பாரை எடுத்துவிட்டு 20 எலிகளையும் 20 புள்ளிகளாக வையுங்கள். பார் சொல்வது ஒரே ஒரு எண்ணை. அந்தச் சராசரி ஐந்தும் சேர்ந்து ஏறியதால் வந்ததா, ஒரு எலி மட்டும் எகிறியதால் வந்ததா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

1973ல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் 4 தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரியும், இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண்ணும் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். படமாகப் போட்டால் முதலாவது சாதாரணமாகச் சிதறிய ஏறுமுகம், இரண்டாவது வளைவு, மூன்றாவது ஒரு புள்ளி மட்டும் விலகிய நேர்கோடு. நான்காவதில் தள்ளி நிற்கும் ஒரே புள்ளிதான் கோட்டின் சாய்வையே தீர்மானிக்கிறது. பார்க்கிறவரை நிமிர்ந்து உட்கார வைப்பது இந்த மாதிரி வித்தியாசங்கள்தான்.

புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி வையுங்கள். சராசரிக்குச் சின்னதாக ஒரு கோடு போதும். எரர் பார் என்பது திட்டவிலக்கமா (எலிகளுக்குள் உள்ள சிதறல்), திட்டப்பிழையா (சராசரி எவ்வளவு தவறியிருக்கலாம் என்ற அளவு) என்று படத்துக்கு அடியில் எழுதுங்கள். 5 எலிகளுக்குத் திட்டப்பிழை, திட்டவிலக்கத்தில் பாதிகூட வராது. சொல்லாமல் விட்டால் பார்ப்பவர் ஏமாந்துபோவார். கடைசியாக, படத்தைக் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். அதிலும் குழுக்கள் பிரிந்து தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

இயற்பியல் முதுகலை மாணவர்: எந்த சாஃப்ட்வேர் நல்லது?

செலவில்லாமல் வேண்டுமென்றால் ஆர் மொழியில் ஜிஜிபிளாட், பைத்தானில் மேட்பிளாட்லிப். கோடிங் வராதென்றால் எக்செல் போதும். நிழல், முப்பரிமாணம் எதையும் தொடாதீர்கள்.

பள்ளி ஆசிரியை: அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் பை சார்ட்தான் போடுகிறார்கள். விடலாமா?

இரண்டு மூன்று துண்டுகள் என்றால் விடுங்கள் டீச்சர். ஏழெட்டு என்றால் பாருக்கு மாற்றச் சொல்லுங்கள். கண் எதைச் சரியாக அளக்கிறது என்று கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1984ல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அச்சில் நீளத்தை ஒப்பிடும்போது வரும் துல்லியம், கோணத்தை ஒப்பிடும்போது வருவதில்லை.

கடலியல் ஆய்வாளர்: கடல் மேற்பரப்பு வெப்பநிலைப் படத்துக்கு வானவில் நிறங்கள்தான் எடுப்பாக இருக்கின்றன. ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

வானவில் வரிசையில் மற்ற நிறங்களைவிட மஞ்சள் பளிச்சென்று இருக்கும். உங்கள் அளவுகோல் 26 முதல் 31 டிகிரி வரை என்றால் 29ஐ ஒட்டி ஒரு மஞ்சள் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். கடலில் அப்படி ஒரு எல்லையே இருக்காது. பச்சைப் பகுதியில் உண்மையிலேயே மாற்றம் இருந்தாலும் கண்ணில் படாது. மேட்லேப் என்ற கணிப்பு மென்பொருள் 2014லேயே வானவில்லைக் கைவிட்டுப் பருலா என்ற நிறவரிசைக்குப் போனது. மேட்பிளாட்லிப் 2017ல் விரிடிஸ் என்ற நிறவரிசைக்கு மாறியது. கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுங்கள். விரிடிஸ் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குச் சீராகப் போகும். வானவில்லின் இரண்டு முனைகளுமே கருத்துப்போகும், எது குளிர், எது வெப்பம் என்றே தெரியாது.

வானிலைத் துறைக்காரர்: இதை ஒத்துக்கொள்ள முடியாது. ரேடார் படத்தில் பச்சை என்றால் லேசான மழை, சிவப்பு என்றால் கொட்டுகிறது. பார்த்ததும் புரியும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றுதானே வானிலை ஆய்வு மையமும் கொடுக்கிறது?

அது வேறு. எச்சரிக்கையில் பச்சையையும் சேர்த்து நான்கே படிகள், ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே அறிவிக்கிறார்கள். படிப்படியாகப் பிரித்த நிறங்களை நான் எதிர்க்கவில்லை. சீராக மாறும் அளவு ஒன்றின்மேல் இல்லாத படிகளைக் கண்ணுக்குக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன்.

வானிலைத் துறைக்காரர்: பழகிய கண்ணுக்கு அதெல்லாம் ஒரு பிரச்சினையே இல்லை. வருடக்கணக்காக இதை வைத்துத்தான் வேலை பார்க்கிறோம்.

பழக்கம் இருக்கிறது என்பதற்காகப் படம் சரியாகிவிடாது. மிஷெல் போர்கினும் அவரது குழுவினரும் ஹார்வர்டில் 2011ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். இதய ரத்தக் குழாய்ப் படங்களில் ஆபத்தான இடங்களைக் கண்டுபிடிக்க மருத்துவ மாணவர்களிடம் கொடுத்தார்கள். வானவில் நிறத்தில் முப்பரிமாணப் படமாகக் கொடுத்தபோது 39% இடங்கள்தான் சிக்கின. நிறவரிசையையும் மாற்றி, படத்தையும் இருபரிமாணமாக விரித்துக் கொடுத்தபோது 91%. குழாயும் நோயும் மாறவில்லை, காட்டிய விதம்தான் மாறியது. நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இவ்வளவு வித்தியாசம் என்றால், எடுப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக எப்படி விட்டுக்கொடுப்பது?

இன்னொரு வாசகர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவது கஷ்டம். நீங்கள் சொல்லும் ரேடார் படத்தில் சில பச்சையும் சிவப்பும் எனக்கு ஒரே பழுப்புதான்.

நன்றி. வானிலை நண்பர் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12ல் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. எந்த அரங்கிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வானிலைத் துறைக்காரர்: சரி, கட்டுரைக்கு மாற்றிக்கொள்கிறேன். ரேடாரில் மாற்ற மாட்டேன்.

கட்டுரையில் மாறட்டும். ரேடாரில் நிறத்தோடு எண்ணையும் எழுதுங்கள்.

பொறியியல் மாணவர்: சார், கிராஃப் போட பெஸ்ட் சாஃப்ட்வேர் எது?

மேலே சொல்லியிருக்கிறேன்.

வேளாண் மாணவர்: அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டுமா?

பாருக்குக் கட்டாயம், ஏனென்றால் அதன் நீளம்தான் அளவு. கோட்டு வரைபடத்துக்குத் தேவையில்லை.

உயிர்வேதியியல் மாணவி: ஸ்லைடில் அனிமேஷன்? அப்புறம், எந்த சாஃப்ட்வேர்?

காலப்போக்கில் நகரும் தரவு என்றால் வையுங்கள், எழுத்தைப் பறக்கவிட வேண்டாம். சாஃப்ட்வேர் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். மேலே போய்ப் பாருங்கள்.

இயந்திரவியல் ஆய்வாளர்: பழுது வராத சோதனைகளை கிராஃபில் இருந்து எடுத்துவிட்டால் படம் சுத்தமாக இருக்கிறது. எடுக்கலாமா?

எடுக்கவே கூடாது. சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28ல் வெடித்தது. ராக்கெட் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன. முந்தைய இரவே பொறியாளர்கள் குளிரைப் பற்றி எச்சரித்தும் பயனில்லை. முந்தைய பயணங்களில் வளையம் சேதமானவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பே தெரியாது. சேதமில்லாதவற்றையும் சேர்த்ததும் தெரிந்துவிடுகிறது: 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம், 65ம் அதற்குக் கீழும் இருந்த நான்கிலும் சேதம். விசாரணைக் குழு அறிக்கையில் இந்த இரண்டு படங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. பழுது வராத சோதனைகளுக்கு வெற்று வட்டம், வந்தவற்றுக்கு நிரப்பிய வட்டம் வையுங்கள். கருப்பு வெள்ளையிலும் பிரிந்து தெரியும்.