குடிசைப் பகுதியில் அரசு அடுக்குமாடி கட்டும்போது யார் யார் என்ன செய்கிறார்கள்?

‘ஹவுசிங் போர்டு கட்டிக்கொடுக்குது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு வீட்டுக்குப் பல கைகள் வேண்டும். சென்னையை வைத்தே சொல்கிறேன்.

முன்னால் நிற்பது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-ல் இந்தப் பெயர் பெற்றது. பணத்தில் ஒரு பங்கு மத்திய அரசுடையது: பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கூட்டுப் பங்கேற்புப் பிரிவில் வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய். மாநில அரசும் தருகிறது, மீதியைப் பயனாளி கட்டுகிறார். தினக்கூலிக் குடும்பத்துக்குப் பெரும் பாரம் அந்த மீதிதான். வங்கிக் கடன் வாங்கித் தரும் தொண்டு நிறுவனங்களின் வேலை எனக்குப் பெரிதாகப் படுவது அதனால்தான்.

கட்டுவது ஒப்பந்ததாரர். தண்ணீருக்குக் குடிநீர் வாரியம், விளக்குக்கு மின்வாரியம், குப்பைக்கு மாநகராட்சி. இவர்களில் ஒருவர் தாமதித்தாலும் சாவி கிடைத்த வீட்டில் குடியேற முடியாது. குழாயில் தண்ணீர் வராமல், மூன்றாம் மாடிக்குக் குடம் சுமக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

குடியேறிய பிறகு லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில், சங்கம் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் தருகிறது. ஆனால் அந்தச் சங்கத்தை வீடு கட்டி முடித்தபின் கூட்டுகிறார்கள். வரைபடம் போடும்போதே மக்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பேன். மீன் விற்பவருக்குக் கூடை வைக்க இடம் எங்கே என்பது அவருக்குத்தான் தெரியும்.