வாசகர் கேள்விகள்: என் கண், என் நாய், என் தீப்பெட்டிகள்

ஊர் உலகத்து விஷயங்களுக்கெல்லாம் பதில் சொல்கிறீர்கள். உங்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்களேன்.
– தேனி வாசகி

எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. பாதி ஆயுளை சிவகாசி அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்திக் கழித்தேன். கறுப்பு எழுத்து, வெள்ளைத் தாள் என்பதால் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்து அறையில் காலண்டர் ஓடும்போது மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டேன். முருகன் கட்டியிருக்கும் பட்டு சரியான நிறத்தில் விழுந்திருக்கிறதா என்று யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது?

வேலை தேடிய வயதில், மருத்துவப் பரிசோதனையில் புள்ளிப் படங்கள் நிறைந்த புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் உருவாக்கிய சோதனை அது. முதல் படத்தில் 12. அது எல்லோருக்கும் தெரியும்; எனக்கும் தெரிந்தது. அப்புறம் வந்த ஒரு படத்தில் 21 என்று படித்தேன். அதை மற்றவர்கள் 74 என்று படிப்பார்களாம். இன்றைக்குக் காட்டினாலும் எனக்கு அது 21-தான், பந்தயம் கட்டும் அளவுக்குத் தெளிவாக.

அன்றாடம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? சிக்னலில் பயமில்லையா?
– சேலம் வாசகர்

மேலே எரிந்தால் நிற்க வேண்டும், கீழே எரிந்தால் போகலாம். நிறம் எதற்கு? தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன், கடைக்காரர் முறைப்பார். சார்ஜரில் குட்டி விளக்கு பச்சைக்கு மாறிவிட்டதா என்று பார்க்கப் பேத்தியைக் கூப்பிடுவேன். அரக்குப் புடவையையும் கரும்பச்சைப் புடவையையும் விரித்துப்போட்டு "எது நல்லாருக்கு?" என்று வீட்டில் கேட்டால், ஜரிகையைப் பார்த்துப் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

ஓட்டுநர் உரிமம் கிடைக்காது என்று பயப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று: 2020 ஜூனில் மத்திய அரசு விதியை மாற்றிவிட்டது. குறைபாடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் உரிமம் பெறலாம். கடுமையாக இருந்தால்தான் தடை.

என் மகனுக்கும் இதே குறை என்கிறார்கள். என் கணவருக்கு இல்லை. மாமியார் என்னைத்தான் பார்க்கிறார்.
– கரூர் வாசகி

பார்க்கட்டும் அம்மா, விஞ்ஞானமும் உங்கள் பக்கம்தான் கையைக் காட்டுகிறது. ஆனால் அது குற்றம் சாட்டவில்லை. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருகிறது. அப்பா மகனுக்குக் கொடுப்பது ஒய் குரோமோசோமை. ஆகவே உங்கள் கணவருக்கு இருந்திருந்தாலும் மகனுக்கு அவரிடமிருந்து வந்திருக்காது. அம்மாவுக்கு நிறமெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் அவரிடமுள்ள இரண்டு எக்ஸில் ஒன்று இந்தக் குறையைச் சுமந்தால், ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் அப்பாவிடம் ஒரு பச்சைத் துணியையும் ஒரு பழுப்புத் துணியையும் காட்டிப் பாருங்கள்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா விருதுநகரில் மிளகாய் வற்றல் வியாபாரத்தில் இருந்தவர். வற்றலைக் கையில் அள்ளிக் குலுக்கி, உள்ளே விதை ஆடும் சத்தத்தைக் கேட்டுத்தான் விலை சொல்வாராம். அதைப் பெரிய தொழில் ரகசியம் என்று ஊரே பேசியது. எனக்கு இப்போது வேறு சந்தேகம்.

இதையெல்லாம் பத்திரிகையில் சொல்லக் கூச்சமாக இல்லையா?
– பெயர் வேண்டாம் என்றவர், சென்னை

அணுக் கொள்கையைச் சொன்ன ஜான் டால்டன், 1794-இல் மான்செஸ்டரில் அறிஞர் சபை ஒன்றின் முன்னால் தன் கண்ணின் கோளாறைத்தான் கட்டுரையாகப் படித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். செத்த பிறகு அறுத்துப் பார்க்கும்படியும் சொல்லிவைத்தார். 1844-இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கண்ணைப் பத்திரமாக வைத்திருந்ததால், 1995-இல் மரபணுவைச் சோதித்து, பச்சையை உணரும் செல் அவருக்கு இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அவர் அவ்வளவு செய்திருக்கிறார். நான் ஒரு பத்தி எழுதுகிறேன், அவ்வளவுதானே.

சர்க்கரை உண்டா?
– அதே சென்னைக்காரர்

உண்டு. என் வயதில் அதில் ரகசியம் என்ன இருக்கிறது?

வீட்டில் நாய், பூனை ஏதாவது?
– நாகர்கோவில் மாணவி

முத்து என்று ஒரு ராஜபாளையம். உடம்பெல்லாம் வெள்ளை. மூக்கு ரோஜா நிறம் என்கிறார்கள். எனக்கு அது சாம்பல். அவனுக்குக் காது கேட்காது. குட்டியாக வந்த வாரத்தில், பக்கத்தில் குழம்புச் சட்டி மூடி விழுந்து உருண்டபோதும் அசையாமல் தூங்கினான். அப்போதுதான் சந்தேகம் வந்தது. காதின் உட்பகுதியில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துபோகும். வெள்ளை நாய்களுக்கு இந்த ஆபத்து உண்டு. வெள்ளையாக இருப்பதுதான் அழகு என்று வளர்ப்பவர்களும் வாங்குபவர்களும் பிடிவாதம் பிடிக்கிறோம். விலையை நாய் கொடுக்கிறது.

அவனோடு பேச்செல்லாம் கைஜாடைதான். தூரத்தில் இருந்தால் தரையில் ஓங்கி மிதிப்பேன், அதிர்வு தெரிந்து திரும்புவான். இரவில் டார்ச். தூங்கும்போது பின்னாலிருந்து தொடவே கூடாது. மூக்கருகே கையை நீட்டி, வாசனை பிடிக்கவிட்டு எழுப்ப வேண்டும். இதில் ஒரு லாபமும் உண்டு. தீபாவளி இரவில் எங்கள் தெருவில் நிம்மதியாகத் தூங்கும் நாய் முத்து மட்டுமே.

நாய்களின் கண்ணுக்கும் நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை அவனும் தேடுவான், நானும் தேடுவேன். மகள் ஒரு நாள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நீலப் பந்து வாங்கி வந்தாள்.

பொழுதுபோக்கு?
– திருவாரூர் வாசகர்

தீப்பெட்டி லேபிள் சேர்ப்பது. தபால்தலை சேர்ப்பவர்கள் நிறச் சாயலுக்காகச் சண்டை போடுவார்கள், அது எனக்கு ஒத்துவராது. என்னிடம் இருக்கும் ஒரே தபால்தலை 2005 ஜனவரியில் வந்த ராஜபாளையம் நாய். லேபிளில் மயிலா, அணிலா, சாவியா என்று கோட்டை வைத்தே சொல்லிவிடலாம். பழைய லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்தால் பசை விட்டுவிடும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் காயவிட வேண்டும். இப்போது அட்டையிலேயே அச்சடித்துவிடுவதால் பெட்டியைப் பிரித்து அப்படியே வைக்கிறேன். 2021 டிசம்பரில் விலை 1 ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனபோது, இரண்டு விலையும் போட்ட பெட்டிகளை ஜோடி சேர்க்கக் கடை கடையாக அலைந்தேன்.

அரிய லேபிள் எது என்று கேட்பார்கள். எனக்கு ஒரு அணில் லேபிள்தான். சந்தையில் அதற்கு மதிப்பே கிடையாது. சாத்தூர் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீஸுக்காக என் அக்கா வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியபோது மிஞ்சியது. 144 பெட்டி ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில்தான் கூலி. அக்கா அப்போது ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தாள். என் பள்ளிச் சம்பளம் அந்தக் கூலியில் போனது.

எங்களிடம் பழைய பெட்டிகள் இருக்கின்றன. அனுப்பலாமா?
– அதே திருவாரூர் வாசகர்

தாராளமாக. ஆனால் குச்சிகளை எடுத்துவிடுங்கள், தீக்குச்சியைத் தபாலில் அனுப்பக் கூடாது. பெட்டியை நசுக்காமல் பிரித்து, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து இந்தப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். லேபிளின் நிறம் என்ன என்று பின்பக்கம் பென்சிலால் எழுதிவிட்டால் பேத்தியைக் கூப்பிடும் வேலை மிச்சம்.