ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ரெட்ரோவெர்ட்டட் யூட்ரஸ்' என்று போட்டிருக்கிறது. கர்ப்பப்பை தலைகீழாக இருக்கிறதா? குழந்தை நிற்குமா?

தலைகீழாகவெல்லாம் இல்லை. முன்பக்கம் சாய்வதற்குப் பதிலாக முதுகுப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கல்யாணமான இரண்டாம் வருடம் என் ரிப்போர்ட்டிலும் இதே வரி இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்கேன் பார்த்தவர் வாயே திறக்கவில்லை. கவரைப் பிரித்து நானே படித்துவிட்டு வீடு வரும்வரை அழுதேன். அம்மா வேறு, "அடி இறங்கிடுச்சாடி?" என்று கேட்டு வயிற்றில் புளியைக் கரைத்தாள். அது வேறு சமாச்சாரம். தாங்கிப் பிடிக்கும் தசையும் நாரும் தளர்ந்து கர்ப்பப்பை கீழே சரிவதுதான் இறக்கம். இது சாய்ந்திருக்கும் திசை மட்டும்.

அப்புறம் பார்த்த மகப்பேறு டாக்டர் கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினார். மணிக்கட்டு கர்ப்பப்பை வாய், முஷ்டி கர்ப்பப்பை. முஷ்டியை முன்னால் கவிழ்த்து, "நிறைய பேருக்கு இப்படி சிறுநீர்ப்பை மேல படுத்திருக்கும்" என்றார். பின்னால் சாய்த்து, "உங்களுக்கு இப்படி மலக்குடல் பக்கம். அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும்மா" என்றார்.

நமக்கு இது புரியாமல் போனதற்கு பள்ளிப் புத்தகப் படமும் ஒரு காரணம் என்பேன். நேர் எதிரே நின்று பார்த்த மாதிரி வரைந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் கருக்குழாய்கள் கை விரித்து நிற்கும். சாய்வு தெரிய வேண்டுமானால் பக்கவாட்டில் வெட்டிய படம் வேண்டும். கர்ப்பப்பை சுமார் 7.5 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம்; காம்புப் பக்கம் கீழே வைத்த சின்னக் கொய்யாக்காய் மாதிரி. ஆணி அடித்து மாட்டியதல்ல, நார்கள் பிடித்திருக்க அசைந்து கொடுக்கும். சிறுநீர்ப்பை நிரம்பினாலே கொஞ்சம் பின்னால் தள்ளப்படும்.

சரி, குழந்தை? சாய்வு மட்டும் இருந்தால் அதற்குத் தடையே இல்லை. மாதவிலக்கில் தாங்க முடியாத வலியோ, உறவின்போது ஆழத்தில் வலியோ இருந்தால் மட்டும் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு அதற்கு வெளியே வளரும் நோய்) வந்து திசுக்கள் ஒட்டிக்கொண்டு கர்ப்பப்பையைப் பின்னால் இழுத்திருக்கலாம். அப்போது பார்க்க வேண்டியது அந்த நோயை, சாய்வை அல்ல.

கர்ப்பமானதும் ஆரம்ப வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சரியாகத் தெரியாமல் போகலாம். பிறப்புறுப்பின் உள்வழியாகப் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். 12, 14 வாரத்துக்குள் கர்ப்பப்பை வளர்ந்து இடுப்புக்கூட்டை விட்டு மேலே எழும்பி, தானே நிமிர்ந்துவிடும். அபூர்வமாகச் சிலருக்கு உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மூன்று, நான்காம் மாதத்தில் சிறுநீர் வராமல் அடைத்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சின்னவன் பிறந்த பிறகு வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் 'ஆன்டிவெர்ட்டட்' என்று வந்தது. எப்போது முன்னால் திரும்பியது என்று எனக்கே தெரியாது.