ஆறு வளையும் இடத்தில் ஒரு கரை மணலாகவும் எதிர்க்கரை ஆழமாகவும் இருப்பது ஏன்?

ஆறு திரும்பும் இடத்தில் உட்பக்கம் சரிவாகப் படியும் மணல் மேடுதான் மணல்திட்டு. மேலே வேகமாக ஓடும் நீர் வெளிக்கரையில் மோதி, கீழே இறங்கி, அதை அரிக்கிறது. தரையோடு உரசி வேகம் குறைந்த அடிநீரோ உட்கரைப் பக்கம் நகர்ந்து மணலை அங்கே சேர்க்கிறது. டீயைக் கரண்டியால் சுற்றிக் கலக்கிப் பாருங்கள், தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் குவியும். அதே சங்கதிதான், 1926இல் ஐன்ஸ்டீன் இரண்டையும் சேர்த்தே விளக்கினார், அவ்வளவு அழகான விளக்கம்!

செங்குத்தாக இடிந்த மண், அந்தரத்தில் தொங்கும் வேர்கள் தெரிந்தால் அந்தப் பக்கம் ஆழம் அதிகம். படகை மணல் பக்கம் ஒதுக்குங்கள்.

அப்புறம், மணல் பக்கமாக இறங்கினால் ஆழமே இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, திட்டின் விளிம்பைத் தாண்டியதும் தரை சட்டென்று சரிந்துவிடலாம்.