ஜூன் விடுமுறையில் நியூசிலாந்து கேம்பர்வேன்: உறைகுளிர் பற்றிய கேள்வி பதில்

ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்கு நியூசிலாந்தின் தெற்குத் தீவில் கேம்பர்வேன் (படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) எடுக்க நினைக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நமக்கு ஜூன் என்றால் அங்கே நடுக்குளிர்காலம். ஆங்கில உரிமம், இடப்பக்க ஓட்டம் இரண்டும் நமக்கு வசதி. இரவுக் குளிருக்குத்தான் தயாராகிப் போகவேண்டும்.

செல்வி, ஈசூன்: ஜூன் இரண்டாவது வாரம் கிறைஸ்ட்சர்ச்ல வேன் எடுத்து டெக்காப்போ வழியா குவீன்ஸ்டவுன் போறோம். பிள்ளைங்களுக்கு 6, 9 வயசு. நல்ல கம்பளி இருந்தா ஹீட்டர் இல்லாத வேனே போதுமா அண்ணா? வாடகை ரொம்பக் குறையுது.

போதாது. டெக்காப்போ, ட்வைசல், ஓமராமா பகுதியில் வானம் தெளிந்த ஜூன் இரவுகளில் மைனஸ் 5 டிகிரி சாதாரணம், சில நாள் அதற்கும் கீழே போகும். மலிவு வேன்களில் இருப்பது பெரும்பாலும் சுவர் மின்சாரத்தில் ஓடும் சிறிய ஃபேன் ஹீட்டர்தான். ஹாலிடே பார்க்கில் (வேன்கள் இரவு தங்கும் கட்டண இடம்) மின்கம்பி செருகினால் ஓடும், ஏரிக்கரையில் நிறுத்தினால் ஓடாது.

பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எஞ்சினும் வெளி மின்சாரமும் இல்லாமல் ஓடும் டீசல் அல்லது கேஸ் ஹீட்டர் இருக்கிறதா? நல்ல தண்ணீர் டேங்க் வேனுக்கு உள்ளே இருக்கிறதா, அடியில் தொங்குகிறதா? கழிவுநீர் டேங்க் எங்கே? டேங்க் உள்ளே இருக்கும் வேனில் பாதித் தலைவலி குறையும். உங்களுடையது 3ஏ உரிமம் என்றால் ஆட்டோ கியர் வேனா என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கணேசன், தெம்பனிஸ்: டீசல் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடினா காலையில வண்டி ஓட்ட டீசல் இருக்குமா? பேட்டரி இறங்கிடுமா?

டீசலைப் பற்றிக் கவலை வேண்டாம். வேன்களில் வழக்கமாக வரும் 2 கிலோவாட் ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.25 லிட்டர்தான் எரிக்கும். 12 மணி நேரம் ஓடினாலும் 3 லிட்டருக்கு மேல் போகாது. பல வேன்களில் ஹீட்டரின் உறிஞ்சுகுழாய் டேங்க்கின் அடிவரை போகாது. டீசல் கால்வாசிக்கு வந்ததும் ஹீட்டர் நின்றுவிடும், வண்டி ஓட்ட மிச்சம் இருக்கும். நள்ளிரவில் ஹீட்டர் அணைந்தது என்று வரும் புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். மாலையில் இடம் பிடிக்குமுன் டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

அந்த டீசலை எங்கே போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கடுங்குளிரில் சாதாரண டீசலில் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். மலைப்பகுதிப் பம்புகளில் குளிர்காலத்துக்கென ஆல்பைன் டீசல் விற்பார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் முழு டேங்க் போட்டுக்கொண்டு போவதைவிட, பாதி டேங்க்கோடு ட்வைசல் பக்கம் போய் அங்கே நிரப்புவது நல்லது.

பேட்டரியில்தான் கவனம் வேண்டும். ஹீட்டர் பற்றும்போது க்ளோ பிளக் (டீசலைப் பற்றவைக்கும் சூட்டுக்கம்பி) சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். பற்றிய பிறகு 1 முதல் 2 ஆம்பியர்தான். ஓர் இரவுக்கு 25 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஒருவகை ஈய பேட்டரி) பேட்டரியில் பாதியைத்தான் நம்பிச் செலவழிக்கலாம். குளிரில் அந்தக் கொள்ளளவும் குறையும். ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் அதே பேட்டரியில்தான் ஓடும். ஆகவே மின்சாரம் இல்லாமல் ஓர் இரவு தாங்கும். அடுத்த நாள் இரண்டு மூன்று மணி நேரமாவது வண்டி ஓட்டவேண்டும், அல்லது மின்சாரம் உள்ள இடத்துக்குப் போகவேண்டும்.

குளிர்கிறது, சுடுகிறது என்று அணைத்து அணைத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் க்ளோ பிளக் பேட்டரியைக் குடிக்கும். 15, 16 டிகிரியில் வைத்து விட்டுவிடுங்கள். அணைத்த பிறகு ஃபேன் சில நிமிடம் தானாக ஓடி உள்ளே சூட்டைத் தணிக்கும். அதற்குள் மெயின் சுவிட்சை அணைத்தால் எரியறை கெட்டுப்போகும்.

லித்தியம் பேட்டரி உள்ள வேன் என்றால் ஒரு விஷயம்: உள்ளே இருக்கும் செல்கள் பூஜ்ய டிகிரிக்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்றக்கூடாது. பாதுகாப்புச் சுற்று சார்ஜைத் தானே நிறுத்தும். பேட்டரி பழுது என்று பயப்படாமல் முதலில் வேனைச் சூடாக்குங்கள்.

ஹரி, செங்காங்: பாலிடெக்னிக் நண்பர்கள் நாலு பேர் போறோம். கேஸ் அடுப்பைப் பத்து நிமிஷம் எரியவிட்டா வேன் சூடாகிடும்னு ஒருத்தன் சொல்றான். சரியா அண்ணே?

கூடவே கூடாது தம்பி. டீசல் ஹீட்டர் எரிய வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே விடுகிறது. அடுப்போ நீங்கள் மூச்சு விடும் காற்றையே எரிக்கிறது. ஜன்னல் அடைத்த வேனில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலியும் தூக்கமும் வரும், அதோடு முடிந்துவிடலாம். வேனை எடுக்கும்போதே கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பொத்தானை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். இரவில் பனி கொட்டினால், படுக்குமுன் ஒருமுறை இறங்கி ஹீட்டரின் புகைக்குழாய் மூடியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சூடு என்று பார்த்தாலும் அது நஷ்டம்தான். 1 கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். அத்தனையும் ஜன்னலிலும் மெத்தையிலும் படியும்.

மல்லிகா, புக்கிட் பாஞ்சாங்: தண்ணிக் குழாய் உறைஞ்சுபோச்சுன்னா என்ன பண்றது? உறையாம இருக்க வழி சொல்லுங்க.

முதலில் உறைவது பெரிய டேங்க் இல்லை. வெளியே கிடக்கும் ஹோஸ், வேனின் அடியில் ஓடும் ஒல்லிக் குழாய், கழிவுநீர் வால்வு, இவைதான். டேங்க்கில் இருக்கும் 80, 100 லிட்டர் ஒரே இரவில் உறைவது அரிது.

மாலையில் டேங்க்கை நிரப்பிவிட்டு ஹோஸைக் கழற்றி, உயர்த்திப் பிடித்து உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுருட்டி வையுங்கள். ஹோஸைக் குழாயில் மாட்டியபடி விட்டால் காலையில் அது விறைத்த கம்பு மாதிரி நிற்கும். இணைப்பு முனை வெடித்தால் அதற்கான பணத்தை உங்கள் வைப்புத்தொகையில் கழிப்பார்கள். கழிவுநீரைப் படுக்குமுன் அதற்கான இடத்தில் காலி செய்யுங்கள். உறைந்த வால்வைப் பலமாக இழுத்தால் கைப்பிடிதான் ஒடியும்.

சிங்க் அடியிலும் குளியலறையிலும் உள்ள அலமாரிக் கதவுகளை இரவில் திறந்து வையுங்கள். சூடான காற்று குழாய்களைத் தொடவேண்டும். ஹீட்டர் ஓடும்வரை உள்ளே உள்ள குழாய்களுக்கு ஆபத்து குறைவு. பகலில் வேனைப் பூட்டிவிட்டு நடைப்பயணம் போனாலும் 8, 10 டிகிரியில் ஓடவிட்டுப் போங்கள். மின்சாரம் போதாது, ஹீட்டரை அணைத்தே ஆகவேண்டும் என்றால் பம்பை அணைத்து, எல்லாக் குழாய்களையும் வெந்நீர், குளிர்நீர் இரண்டு பக்கமும் திறந்து, வடிகால் வால்வுகளையும் திறந்து தண்ணீரை முழுக்க இறக்கிவிடுங்கள். ஷவர் தலையைத் தரையில் வையுங்கள், அதன் ஹோஸில்தான் தண்ணீர் தங்கும்.

உறைந்தே போனால் பம்பை உடனே அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காய்ந்து ஓடிப் புகையும். அலமாரிகளைத் திறந்து ஹீட்டரை ஏற்றி ஒரு மணி நேரம் பொறுங்கள். நெருப்போ கொதிநீரோ குழாயில் படக்கூடாது. இளகும்போதுதான் விரிசல் தெரியும், ஆகவே பம்பைப் போட்டதும் அடியில் ஒழுகுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வோர் இரவும் கெட்டிலிலும் ஒரு சட்டியிலும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டால் காலைக் காப்பிக்கும் பிள்ளைகளின் மைலோவுக்கும் தவிக்கவேண்டாம்.

டாய்லெட் கேசட்டையும் (கழற்றி எடுக்கும் கழிவுப் பெட்டி) மாலையிலேயே காலி செய்யுங்கள். உறையாமல் இருக்கட்டும் என்று வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டை அதில் ஊற்றக்கூடாது, அது விஷம்.

ரவி, ஜூரோங் வெஸ்ட்: ஹீட்டரை அணைச்சிட்டுத் தூங்கினோம். காலையில வேனுக்கு அடியில தண்ணி கொட்டிக் கிடந்துச்சு, வெந்நீர் பாய்லர் காலி. உடைஞ்சுபோச்சா?

உடையவில்லை. ட்ரூமா வகை பாய்லர்களில் ஃப்ராஸ்ட் வால்வு ஒன்று உண்டு. அதைச் சுற்றி ஏறக்குறைய 3 டிகிரிக்கு வந்தால் மின்சாரமே இல்லாமல் தானாகத் திறந்து பாய்லரைக் காலி செய்துவிடும். உங்கள் பாய்லரைக் காப்பாற்றியது அதுதான். வால்வு இருக்கும் இடம் 7 டிகிரிக்கு மேல் சூடான பிறகே அதன் பொத்தானை அழுத்தி மூட முடியும். அதற்குமுன் எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது. மூடிய பிறகு பம்பைப் போட்டு, சூடான பக்கக் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள்.

பர்வீன், தோ பாயோ: ஹீட்டர் நல்லா ஓடுது. ஆனா ஜன்னல் எல்லாம் தண்ணி வழியுது, மெத்தைக்கு அடியில ஈரம். வேன் ஒழுகுதா?

ஒழுகல் இல்லை, உங்கள் மூச்சுதான். நான்கு பேர் ஓர் இரவு தூங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் மூச்சிலும் வியர்வையிலும் வெளியே வரும். அது குளிர்ந்த கண்ணாடியிலும், காற்றோட்டம் இல்லாத மெத்தை அடியிலும் படிகிறது. நான் குளிரைவிட இதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நனைந்த போர்வை சூடு தராது, இரண்டாம் இரவே எல்லாரும் நடுங்குவீர்கள்.

ஏர்கான் அறைக் கதவை அடைத்தே பழகிய நமக்கு, குளிரில் கூரை ஜன்னலைத் திறக்கச் சொன்னால் மனம் வராது. திறக்கத்தான் வேண்டும். இரண்டு சென்டிமீட்டர் போதும், ஹீட்டரும் ஓடட்டும். சூடான காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு மேலே வெளியேறும். முன் கண்ணாடிகளுக்கு வெள்ளித்தாள் மறைப்பு போட்டு, ஓட்டுநர் பகுதிக்கும் படுக்கைக்கும் நடுவே திரை இழுங்கள். அதிகச் சூடு போவது அந்தக் கண்ணாடி வழியாகத்தான். மெத்தையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். காலையில் கண்ணாடியைத் துடைத்துத் துணியை வெளியே பிழியுங்கள். மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, ஹீட்டர் ஓடக் கதவைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். நனைந்த ஜாக்கெட்டுகளை உள்ளே கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். ஹாலிடே பார்க்குகளில் டிரையர் இருக்கும், சில வெள்ளிக் காசுதான்.

லதா, பொங்கோல்: சமையலுக்கு என்ன எடுத்துட்டுப் போறது? ரைஸ் குக்கர் ஓடுமா?

மின்சாரம் செருகிய இடத்தில் ஓடும். அங்கே பிளக் வேறு, நம் மூன்று சதுரக் கால் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். 2000 வாட் ஃபேன் ஹீட்டர், கெட்டில், குக்கர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். 16 ஆம்பியர் இணைப்பு தாங்குவது ஏறக்குறைய 3,700 வாட்.

தேங்காய் எண்ணெய் அங்கே கட்டியாகிவிடும், நல்லெண்ணெய் கொண்டுபோங்கள். தோசை மாவு புளிக்காது, ரவையும் இட்லிப் பொடியும் உதவும். எந்த உணவானாலும் நியூசிலாந்துப் பயணி அறிவிப்புப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம் விதிக்கலாம். பச்சைக் கறிவேப்பிலை, பழம், தேன் இவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

முரளி, அங் மோ கியோ: ஸ்னோ செயின் வாடகைக்கு எடுக்கணுமா? எந்த ரோட்டைத் தவிர்க்கணும்?

எடுங்கள், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி அது. மில்ஃபர்ட் சாலையில் மே முதல் நவம்பர் வரை அறிவிப்புப் பலகை இருந்தால் செயின் வைத்திருப்பது கட்டாயம். பனிச்சரிவு அபாயப் பகுதியில் வண்டியை நிறுத்தவும் கூடாது. டி ஆனா ஊரில் வேனை விட்டுவிட்டுப் பேருந்தில் போவதே என் பரிந்துரை.

குவீன்ஸ்டவுனுக்கும் வானாக்காவுக்கும் நடுவே கூகல் காட்டும் குறுக்கு வழி கிரவுன் ரேஞ்ச் மலைச்சாலை, ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். பல வாடகை ஒப்பந்தங்கள் அதைத் தடை செய்கின்றன. க்ராம்வெல் வழியாக 6ஆம் எண் நெடுஞ்சாலையில் போங்கள். பனிச்சறுக்குத் திடல்களுக்கு ஊரிலிருந்து ஷட்டில் பேருந்து உண்டு, வேனை ஏற்றவேண்டாம்.

செயினை எஞ்சின் சக்தி போகும் சக்கரங்களில்தான் மாட்டவேண்டும். ஃபியட் டுகாட்டோ வேனில் முன்சக்கரம், பெரும்பாலான ஸ்பிரின்டர் வேன்களில் பின்சக்கரம். வேனை எடுக்கும் இடத்திலேயே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். இருட்டில், பனியில், முதல்முறையாகக் கையேட்டைப் பிரிப்பது கொடுமை. மாட்டியபின் சில மீட்டர் ஓட்டி மறுபடி இறுக்குங்கள், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள், வெறும் தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள்.

பனியைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாத ஐஸ் படலம். மலை நிழல் விழும் வளைவு, பாலம், ஏரியோரம், இங்கெல்லாம் சாலை வெறுமனே ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். குவீன்ஸ்டவுனில் ஜூனில் சூரியன் எட்டே கால், எட்டரைக்குத்தான் எழும், ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிடும். பத்து மணிக்குக் கிளம்பி நான்குக்குள் சேரும்படி தூரத்தை வகுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம்.

அமுதன், உட்லண்ட்ஸ்: டிசம்பர்ல ஹொக்கைடோவுல இதே மாதிரி போகலாமா?

முதல் பயணத்துக்கு வேண்டாம். அங்கே உள்பகுதிகளில் பகலிலேயே பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும், உறைந்த குழாய் மதியத்தில் இளகாது. இரவில் பனி ஒரு முழம் ஏறி எஞ்சின் புகைக்குழாயை மூடிவிடலாம். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவது அங்கே உயிராபத்து. போவதானால் ஸ்டட்லெஸ் டயர் (பனிக்கால டயர்) போட்ட வண்டியும், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் வேண்டும்.

சாந்தி, புக்கிட் பாத்தோக்: காலையில கண்ணாடி மேல ஐஸ். வெந்நீர் ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள், கண்ணாடி விரியும். முந்தின இரவே வைப்பரைத் தூக்கி நிறுத்துங்கள். தரை சமமாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுக்காமல் பார்க் கியரில் விட்டுச் சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள், ஈரமான பிரேக் உறைந்து பிடித்துக்கொள்வது உண்டு. காலையில் எஞ்சினைப் போட்டு டீமிஸ்டரை (சூடான காற்று) கண்ணாடிக்குத் திருப்பி, பிளாஸ்டிக் சுரண்டியால் மேலிருந்து கீழே சுரண்டுங்கள். ஓட்டுநர் பக்கம் மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டு கிளம்பாமல், பக்கக் கண்ணாடிகள், விளக்குகள் எல்லாம் தெளிந்த பிறகே நகருங்கள்.