ஆஸ்பிரின் யாருடைய சொல்?

கேள்வி: ஒரு கம்பெனியின் பெயரே ஆங்கிலத்தில் பொருளின் பெயராகிவிட்டால், அதைவிடப் பெரிய விளம்பரம் உண்டா? பிறகு ஏன் கம்பெனிகள் அதைத் தடுக்கப் பார்க்கின்றன?

பதில்: விளம்பரம்தான், ஆனால் அளவுக்கு மீறினால் பெயரே கைநழுவிப் போய்விடும். ஆஸ்பிரின் என்பது 1899-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி வைத்த பெயர். அமெரிக்காவில் 1917-ல் காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே மருந்தை அதே பெயரில் விற்றார்கள், பேயர் வழக்குப் போட்டது. அசிட்டைல்சாலிசிலிக் ஆசிட் என்பது அதன் ரசாயனப் பெயர். தலைவலியோடு கடைக்குப் போகிறவர் அதையா சொல்லிக் கேட்பார்? 1921-ல் நீதிபதி லேர்னட் ஹேண்ட், வாங்குகிற மக்கள் இந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதைத்தான் பார்த்தார். அவர்களுக்கு அது மருந்தின் பெயர், கம்பெனியின் பெயர் அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் கனடா, ஜெர்மனி போன்ற பல நாடுகளில் இன்றுவரை அது பேயருக்கே சொந்தம்!

எஸ்கலேட்டர் கதை இன்னும் பரிதாபம். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான ஓடிஸ் என்ற லிஃப்ட் கம்பெனியே தன் காப்புரிமை ஆவணங்களில் அதைப் பொதுச்சொல்லாக எழுதிவைத்திருந்தது, 1950-ல் பெயர் பறிபோனபோது அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சி.

ஜெராக்ஸ் கம்பெனி உஷாராக இருந்தது. 'ஃபோட்டோகாப்பி' என்று சொல்லுங்கள் என ஆண்டுக்கணக்கில் விளம்பரம் கொடுத்துப் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது. அப்படியும் நம்மூரில் எந்தக் கம்பெனி மெஷின் வைத்திருந்தாலும் அது ஜெராக்ஸ் கடைதான்.

கூகுள் 2006-லேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினைச்சொல்லாக ஏறிவிட்டது. ஆனாலும் வினைச்சொல்லாகப் புழங்குவதால் மட்டும் உரிமை போய்விடாது, எல்லாத் தேடுபொறிகளுக்கும் அதுவே பொதுப்பெயரானால்தான் போகும் என்று 2017-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கம்பெனிகளின் கவலை நியாயமானது, ஆனால் என் ஓட்டு பேசுகிறவர்களுக்கே. கையில் இருக்கும் பொருளை வாய்க்கு வந்த பெயரில் கூப்பிட யாரிடம் அனுமதி கேட்பது?

கேள்வி: அப்படியானால் புதுச் சொற்களை அகராதிக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்களா?

பதில்: இல்லை, அவர்கள் பின்னால்தான் வருகிறார்கள். 'செல்ஃபி' 2002-லேயே ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டுவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது 2013-ல். நடுவே முன்பக்கக் கேமரா உள்ள போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்டது, அந்தப் படத்தை ஏதாவது ஒரு பெயர் சொல்லித்தானே ஆக வேண்டும்.