பெரிய கட்டங்களைச் சிறிதாக்கியும் பிழை கூடுவது ஏன்?

நண்பரே, நிலத்தடி நீரோட்டக் கணக்கில், பல்அளவை முறையில் (நுண்ணிய ஏற்ற இறக்கங்களை ஒவ்வொரு பெரிய கட்டத்துக்குள்ளும் தனியே கணக்கிட்டுப் பிறகு சேர்க்கும் முறை) 1 அலகு நீளப் பக்கத்துக்கு 16 கட்டம் வைத்தபோது நன்றாக வந்த விடை, 64 ஆக்கியதும் மோசமாகிவிட்டது என்கிறீர்கள். நிரலில் தவறு இருக்காது. நானும் இதே இடத்தில் ஒரு வாரம் நிரலைக் குடைந்தவன்தான்.

உங்கள் நிலத்தின் ஊடுருவுதிறன், அதாவது நீரைக் கடக்க விடும் திறன், 0.02 நீளத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. 64 கட்டம் என்றால் ஒன்றின் அகலம் 0.0156. இரண்டும் நெருங்கும் இடத்தில்தான் ஒத்ததிர்வுப் பிழை தலைதூக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடிச்சார்பு (முழு விடையைக் கட்டியெழுப்பும் அடிப்படை வடிவம்) கணக்கிடும்போது விளிம்பில் நேர்கோட்டு மதிப்பைத் திணிக்கிறீர்கள் அல்லவா? உண்மையான விடை விளிம்பிலும் நெளியும். அந்தப் பொய் விளிம்பையொட்டி மெல்லிய பட்டையாக நிற்கும். கட்டம் பெரிதென்றால் அது பொருட்டே இல்லை. சிறிதானால் கட்டம் முழுக்கப் பட்டைதான்.

தாமஸ் ஹௌவும் சியாவோ-ஹுய் வூவும் 1997-இல் சொன்ன வழி: அடிச்சார்புக்கான இந்த உட்கணக்கைக் கட்டத்தைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிய சதுரத்தில் தீருங்கள். கட்டத்தின் தன் மூலையில் 1, மற்ற மூலைகளில் 0 வரும்படி அந்த விடைகளைச் சேர்த்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள்.

அப்புறம், ஊடுருவுதிறனுக்கு வெறும் சராசரி போட்டுத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். 1, 100 என மாறி மாறி வரும் சம தடிமன் அடுக்குகளைக் குறுக்கே கடக்கும் நீருக்கு 50.5 அல்ல, 1.98தான்.

உட்கணக்குகள் ஒன்றையொன்று சாராதவை; கணினியில் இருக்கிற கோர்களுக்கெல்லாம் (செயலிக் கருக்கள்) பிரித்துக் கொடுங்கள். நீர் இறைக்கும் அளவை மட்டும் மாற்றினால் அதே அடிச்சார்புகள் போதும்.